தண்ணீரைத் தொடாத வீடு

ஹெல்சிங்கி,
14 ஆகஸ்ட் 2003, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய திருமதி ஹில்யா கோர்ப்பி அவர்களுக்கு,

வணக்கம். கடந்த 12ஆம் தேதி செவ்வாய்க்கிழமை முற்பகல் பதினொன்றே காலுக்குத் தங்கள் ஏரிக்கரை வீட்டைப் பார்க்க வந்த முதியவன் நான். பெயர் ஆர்வி தம்மிஸ்தோ. வயது எழுபத்தொன்று. 9ஆம் தேதி நாளிதழில் தாங்கள் கொடுத்திருந்த விளம்பரத்தைக் கத்தரித்து இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாவது வரியில் ‘தண்ணீரோரம்’ என்ற சொல்லின் கீழே கோடிட்டது நான்தான். அச்சில் அப்படி இல்லை.

ஹெல்சிங்கியில் எனக்கு இரண்டாம் மாடியில் ஒரு குடியிருப்பு உண்டு. அதன் ஜன்னல்கள் மூன்றும் முற்றத்தையும் குப்பைத் தொட்டிகளையும் பார்த்தவை. கோடை முழுவதற்கும், உடல் ஒத்துழைத்தால் குளிர்காலத்தின் பின்பகுதிக்கும் தங்குவதற்குத் தண்ணீரைப் பார்த்த இரண்டாம் வீடொன்று வேண்டும் என்பது என் விருப்பம். குடும்பம் இல்லை. நாய் இல்லை. இசைக்கருவி எதுவும் வாசிப்பதில்லை.

நேரில் சொல்லத் தயங்கிய ஒன்றை எழுத்தில் சொல்லிவிடுகிறேன். தங்கள் வீட்டின் முன்னுள்ள ஏரிக் குடாவை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 17 மார்ச் 1959, அதுவும் ஒரு செவ்வாய்க்கிழமை. அப்போது நான் நில அளவைத் துறையில் இளநிலை அளவையாளன். சதுப்பு நிலம் உறைந்து கிடக்கும் மாதங்களில்தான் அந்தப் பக்கம் போய்வர முடியும் என்பதால் எங்களைக் குளிர்காலத்தில் அனுப்பினார்கள். பனிச்சறுக்குக் கட்டைகளில் நின்று நிமிர்ந்து பார்த்தேன். ஏரி, கரை, வானம் மூன்றும் ஒரே வெண்மையாக இருந்தன. என் காலுக்குக் கீழே இருப்பது மண்ணா தண்ணீரா என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆவலும் எழவில்லை. இந்த நாற்பத்துநான்கு ஆண்டுகளில், உறக்கம் வருவதற்கு முன் அந்த வெண்மைக்குள் சிறிது தூரம் நடந்து போவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கரை வருவதற்குள் உறங்கிவிடுவேன்.

கூரை எப்போது மாற்றப்பட்டது என்று தெரிவிக்கவும். ஆண்டு மட்டும் போதாது, மாதமும் தேவை. விளம்பரத்தில் கண்ட விலை எனக்குச் சம்மதம். குறைவாகவே தோன்றியது, இருப்பினும் அதைப் பற்றிக் கேட்பது நாகரிகமன்று.

தங்கள்
ஆர்வி தம்மிஸ்தோ

பின்குறிப்பு: கரையிலுள்ள சவுனாக் குளியல் குடிலுக்குப் பின்னால் உள்ள மேட்டில், புளூபெர்ரிப் புதருக்குள் ஒரு கல்லில் முழங்காலை இடித்துக்கொண்டேன். காயம் சிறியது. அந்தக் கல்லைப் பற்றித் தங்களுக்கு ஏதேனும் தெரியுமா?


நீமி கரை,
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

தம்மிஸ்தோ ஐயாவுக்கு ஹில்யா எழுதுவது.

கூரையை என் வீட்டுக்காரர் தௌனோ மாற்றினார். எந்த வருடம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவர் போய் நாலு வருடமாகிறது. ஒழுகவில்லை.

உங்களுக்கு முன் மூன்று பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மலையில் பனிச்சறுக்கு ஓட்டல்கள் வந்த பிறகு, தெற்கேயிருந்து வருகிற எல்லோருக்கும் இங்கே ஒரு இரண்டாம் வீடு வேண்டியிருக்கிறது. அதில் ஒருவர் பல் மருத்துவர். வாசலில் நின்றுகொண்டு, “இந்த பிர்ச் மரத்தையெல்லாம் வெட்டிட்டா தண்ணி நல்லாத் தெரியும்ல?” என்றார். “பல்லையெல்லாம் பிடுங்கிட்டா தொண்டை நல்லாத் தெரியும்தான்” என்றேன். அவர் மறுபடி வரவில்லை.

நான் ஏன் விற்கிறேன் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். இடுப்பு வலி. விறகு சுமக்க முடியவில்லை. நகரத்தில் லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு அறையும் சமையலறையும் பார்த்து வைத்திருக்கிறேன். அங்கிருந்து இங்கே பேருந்தில் இருபது நிமிடம்.

இப்போது காலையில் குடாவின் மேல் மூடுபனி வருகிறது. அன்னங்கள் அதற்குள் போனால் கழுத்து மட்டும் தெரியும்; கொஞ்ச நேரத்தில் அதுவும் தெரியாது. குரல் மட்டும் வந்துகொண்டிருக்கும். காபி ஆறுவது தெரியாமல் நின்றுவிடுகிறேன்.

கல்லைப் பற்றிக் கேட்டீர்கள். இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்?

வந்தவர்களிடமெல்லாம் ஒரு கேள்வி கேட்டேன், உங்களிடமும் கேட்கிறேன். சவுனாவுக்குப் பூட்டுப் போடுவீர்களா?

ஹில்யா கோர்ப்பி


ஹெல்சிங்கி,
5 செப்டம்பர் 2003, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய திருமதி கோர்ப்பி அவர்களுக்கு,

‘ஆகஸ்ட் கடைசி ஞாயிறு’ என்று குறிப்பிடப்பட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. அது 31ஆம் தேதியாகும். அருள்கூர்ந்து இனிமேல் எண்ணால் குறிப்பிடவும்.

தங்கள் கேள்விக்கு மனநிறைவோடு பதில் சொல்ல முடிகிறது. சவுனாவுக்குக் கட்டாயம் பூட்டுப் போடுவேன். ஒன்றல்ல, இரண்டு: கரைப்பக்கக் கதவுக்கு ஒன்று, விறகறைக்கு ஒன்று. நேற்று, 4ஆம் தேதி, அவற்றை வாங்கியும்விட்டேன். எஃகினாலானவை, துருப்பிடிக்காதவை. மூன்று மாதம் ஆளில்லாமல் கிடக்கும் கட்டடத்துக்குள் யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்ற தங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

தங்கள் அன்னங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து என் வெண்மைக்குள்ளும் சில நாள் குரல் கேட்கிறது. மார்ச் மாதத்தில் அன்னம் இராது என்று அறிவேன். இருந்தும் கேட்கிறது.

ஒரு சிறு செய்தி. அக்காலத்து வரைபடங்களும் களக்குறிப்பேடுகளும் இப்போது இங்குள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நான் வரைந்த தாளை மீண்டும் ஒரு முறை பார்த்து மகிழலாம் என்று விண்ணப்பித்திருக்கிறேன். மகிழ்ச்சிக்காக மட்டுமே.

தங்கள்
ஆர்வி தம்மிஸ்தோ


நீமி கரை,
செப்டம்பர் 18 (எண் போட்டிருக்கிறேன், பாருங்கள்)

தம்மிஸ்தோ ஐயாவுக்கு,

இரண்டு பூட்டா! கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் போடத்தான் போனேன். போடாததற்கு ஒரு காரணம் உண்டு. எனக்கு உங்களை ஞாபகம் வந்துவிட்டது.

நான் அப்போது கல்யாணமாகி வந்து ஐந்து மாதம். சனிக்கிழமை தவிர வேறு நாளில் எங்கள் சவுனாவைச் சூடாக்கினது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். “பாவம், அளக்க வந்த பசங்க. காதெல்லாம் உறைஞ்சு போயிருக்கு. அடுப்பை மூட்டும்மா” என்றார் மாமனார். நான் காபி எடுத்துக்கொண்டு போனேன். மற்ற இருவரும் உள்ளே கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவிக் குளியல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்னறை ஜன்னலோரம் ஒல்லியாக ஒருத்தர் மடியில் பலகையை வைத்துக்கொண்டு, கையில் பென்சிலோடு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “காபி” என்றேன். “எவ்வளவு வெள்ளையா இருக்கு” என்றார். காபியைப் பார்த்து அல்ல. அது நீங்கள்தானே?

அப்படிப் பார்த்த ஆளுக்கு வீட்டைக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. பூட்டு விஷயத்தை நேரில் பேசிக்கொள்வோம். இன்னும் சில விஷயங்களும் நேரில்தான் பேச முடியும். அக்டோபரில் பனி விழுவதற்குள் வாருங்கள்.

காப்பகத்தில் பழைய தாளைக் கிளறி என்ன மகிழ்ச்சி? விட்டுவிடுங்கள். அந்தக் கல்லையும் விட்டுவிடுங்கள்.

ஹில்யா கோர்ப்பி


ஹெல்சிங்கி,
6 அக்டோபர் 2003, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய திருமதி கோர்ப்பி அவர்களுக்கு,

இக்கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

தங்கள் 18ஆம் தேதிக் கடிதம் என் கைக்கு வரச் சிறிது தாமதமாயிற்று. அண்டை வீட்டுப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அது வந்தபோது நான் ஏற்கெனவே காப்பகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தேன். என் கையெழுத்தில், என் தேதியோடு, அந்தத் தாளைப் பார்த்தேன். அழகான தாள். அதில் தங்கள் மனையின் ஏரிப்பக்கக் கோடு நாணற்புல் ஓரமாக, தண்ணீரைத் தொட்டபடி போகிறது. 1912ஆம் ஆண்டுக் கிராமப் பிரிவினைப் பத்திரத்தையும் எடுக்கச் சொன்னேன். அதன்படி மனையின் எல்லை, மேட்டிலுள்ள எல்லைக்கல்லோடு முடிகிறது. அதற்குக் கீழே தண்ணீர் வரையுள்ள பத்தொன்பது மீட்டர், ஏரியில் பங்குள்ள ஏழு வீட்டுக்கும் பொது.

என் முழங்கால் இடித்தது அந்தக் கல்லில்தான்.

அன்று அந்தக் கல் பனிக்கடியில் இருந்தது. நான்கு முழப் பனி. தோண்டித் தேடியிருக்க வேண்டும். மாலை மூன்று நாற்பதுக்கு ரயில். சவுனாவின் முன்னறை வெதுவெதுப்பாக இருந்தது. அங்கிருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்து, நாணல் நுனி தெரிந்த இடத்தைக் கரை என்றும், கரையை எல்லை என்றும் வரைந்துவிட்டேன். முப்பத்தெட்டு ஆண்டுப் பணியில், அளக்காமல் நான் இட்ட கோடு அது ஒன்றுதான். அதன் விளைவு: தங்கள் வீடு சட்டப்படி தண்ணீரைத் தொடவில்லை. தங்கள் சவுனா பொது நிலத்தில் நிற்கிறது.

ஓர் அரசு ஊழியன் தன் பிழையை அறிந்த பின் மௌனமாக இருத்தல் முறையன்று. ஆகவே 3ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நில அளவை அலுவலகத்துக்குத் திருத்த விண்ணப்பத்தைப் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். தங்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கலாமோ என்ற ஐயம் 4ஆம் தேதி காலையில் எழுந்தது.

வீட்டை வாங்கும் என் விருப்பத்தில் மாற்றமில்லை.

தங்கள்
ஆர்வி தம்மிஸ்தோ


நீமி கரை,
அக்டோபர் 20

ஐயா,

உங்களுக்கு நான்காம் தேதி காலையில் ஐயம் எழுந்ததா? எனக்கு நேற்று மதியம் பக்கத்து வீட்டு எய்னோ கையில் ஒரு காகிதத்தோடு வாசலில் நின்றபோது எழுந்தது.

கேளுங்கள். அந்தக் கல் எங்கே இருக்கிறதென்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் வரைபடம் வந்த அந்தக் கோடையிலேயே தெரியும். மாமனார் அதை எடுத்துக்கொண்டு எய்னோவின் அப்பாவிடம் போய், “இது தப்பாப் போட்டிருக்கான்” என்றார். “தப்புதான். நடுவுல சவுனா இருக்கே. பேசாம விடு” என்றார் அவர். அவ்வளவுதான் பேச்சு. சவுனா பொது நிலத்தில் நிற்கும். அதனால் அதற்குப் பூட்டு கிடையாது. சனிக்கிழமை ஏழு வீட்டில் யார் வேண்டுமானாலும் வந்து குளிக்கலாம். ஐந்து மணிக்குப் பெண்கள், ஆறரைக்கு ஆண்கள். நாற்பத்துநாலு வருடமாக இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதாததால்தான் இத்தனை நாள் நின்றது.

1978இல் தௌனோவும் எய்னோவும் ஒரு மீன்வலைக்காகச் சண்டை போட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் சனிக்கிழமை தவறாமல் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து குளித்தார்கள். இருபத்தொரு வருடம்! அப்படிப்பட்ட கதவு அது. விலை ஏன் குறைவு என்று கேட்பது நாகரிகமில்லை என்றீர்களே, கேட்டிருந்தால் நேரில் சொல்லியிருப்பேன்.

இப்போது அலுவலகம் ஏழு பேருடைய கையெழுத்தையும் கேட்கிறது. ஒருத்தர் மறுத்தாலும் சவுனாவை இடிக்க வேண்டும். எய்னோ வாசலில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஹில்யா, நீயாக் கேட்டிருந்தா நான் தலையாட்டிட்டுப் போயிருப்பேன். அரசாங்கம் எழுத்துல கேக்குது. எழுத்துல கேட்டா எழுத்துலதான் பதில் சொல்லணும். யாருக்கு விக்கிற?”

“ஹெல்சிங்கிக்காரர் ஒருத்தருக்கு.”

“பூட்டுப் போடுவானா?”

நான் பொய் சொல்லிப் பழகவில்லை. “ரெண்டு வாங்கி வச்சிருக்கார்” என்றேன்.

“அப்ப என் கையெழுத்து அவனுக்கு எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

சவுனா இல்லாத வீட்டை இந்த நாட்டில் யார் வாங்குவார்கள்? நான் எங்கே போவேன்? வீடு விற்பனைக்கு இல்லை. எனக்கு எழுதாதீர்கள்.

ஹில்யா கோர்ப்பி


ஹெல்சிங்கி,
3 நவம்பர் 2003, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய திருமதி கோர்ப்பி அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்ற தங்கள் ஆணையை ஒரே ஒரு முறை மீறுகிறேன். தகவல் மட்டும்.

24 அக்டோபர் அன்று விண்ணப்பத்தைத் திரும்பப் பெற அலுவலகத்துக்கு நேரில் சென்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்மணி கனிவாகவே பேசினார். “ஐயா, தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. இப்ப தப்பில்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?” என்று கேட்டார். என்னால் இயலவில்லை. ஏரிப் பங்காளிகள் ஏழு பேரும் கூடி முடிவெடுக்க 13 மார்ச் 2004, சனிக்கிழமை பிற்பகல் ஒரு மணி என நாள் குறித்திருக்கிறார்கள். இடம், தங்கள் கிராமத்தின் பழைய பள்ளி. நான் வருவேன். வாங்குபவனாக அல்ல, கோடு போட்டவனாக.

சவுனாவை இடிக்க நேர்ந்தால் அதன் ஒவ்வொரு மரத்துண்டுக்கும் நானே பொறுப்பு.

மற்றொன்று. தகவலில் சேராது. அக்டோபர் 6 முதல் என்னால் அந்த வெண்மைக்குள் போக முடியவில்லை. கண்ணை மூடினால் பத்தொன்பது மீட்டர் நீளமுள்ள கோடு ஒன்று தெரிகிறது. அதைத் தாண்ட முடியவில்லை.

ஆர்வி தம்மிஸ்தோ


நகர மருத்துவமனை, இரண்டாம் தளம்,
பிப்ரவரி 15

தம்மிஸ்தோ ஐயாவுக்கு,

எழுதாதீர்கள் என்றேன். நீங்களும் மூன்று மாதமாக எழுதவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

போன வாரம் பனியில் வெட்டிய துளையிலிருந்து தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கி விழுந்தேன். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியவில்லை. காது ஏரியின் மேல் இருந்தது. குளிர் கூடும்போது பனிப்பரப்பு பாடும், கேட்டிருக்கிறீர்களா? எதிர்க்கரையில் தொடங்கி என் கன்னத்துக்கு அடியில் வந்து முடியும் நீண்ட ஓசை. யாரோ ரொம்பத் தூரத்தில் பெரிய கதவைத் திறப்பதுபோல இருந்தது. பயமாகவே இல்லை. கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. அப்போது நீங்கள் எழுதினீர்களே, அந்த வெண்மை, அதில் நானும் நடந்தேன். அங்கே கோடு ஒன்றும் இல்லை ஐயா. நான் நன்றாகப் பார்த்தேன்.

எய்னோதான் வந்து தூக்கினான்.

“ஏன் இங்க படுத்திருக்க?”

“சும்மாத்தான். எந்திரிக்க முடிஞ்சா உன்னை எதுக்குக் கூப்பிடறேன்?”

“நீ எங்க கூப்பிட்ட? ஏதோ முனகல் கேட்டுச்சு. நாயோன்னு வந்தேன்.”

பனிச்சறுக்கு வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வரும்போது வழி முழுக்கத் திட்டினான். என்னைப் பாதி, உங்களைப் பாதி. நடுவில் ஒரு தடவை, “அந்த ஆளு மார்ச்சுல நிஜமாவே வர்றானா?” என்று கேட்டான். வருவார் என்றேன். “வரட்டும். மூஞ்சியைப் பார்க்கணும்” என்றான்.

கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. சவுனா நிற்கிறதா, போகிறதா என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். உங்களுக்கு அது ஒன்று தெரியும்.

ஹில்யா


ஹெல்சிங்கி,
15 மார்ச் 2004, திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய ஹில்யா அவர்களுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

13ஆம் தேதி பிற்பகல் ஒன்றுக்குக் கூட்டம். ஏழு வீட்டாரில் ஆறு வீட்டார் வந்திருந்தனர், ஏழாவது தாங்கள். என்னை அடுப்போரம் உட்காரவைத்தார்கள். தலைவரென்று எவரும் இல்லை. ஆனால் எல்லோரும் எய்னோவைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றாமல் என்னிடம் திரும்பினார்.

“அளவைக்காரரே, நீங்க அளக்க வந்த அன்னிக்கு நான் குடாவுல பனியை வெட்டி வலை எடுத்துக்கிட்டிருந்தேன். நீங்க சவுனாக்குள்ள போனதைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் உள்ள இருந்தீங்க?”

“ஐம்பது நிமிஷம்.”

“கல்லைத் தேடினது?”

“தேடலை.”

“பனிக்குள்ள கம்பியை விட்டுக் குத்திக்கூடப் பார்க்கலை?”

“பார்க்கலை. வெளிய வர மனசு வரலை. உள்ள கதகதப்பா இருந்தது.”

பின்வரிசையில் ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். எய்னோ சிரிக்கவில்லை. “நாப்பத்தஞ்சு வருஷத்துல ஒரு அரசாங்கத்து ஆளு ‘தேடலை’ன்னு சொல்லிக் கேட்டது இன்னிக்குத்தான். சரி, பூட்டு எங்க?” என்றார்.

பையில்தான் இருந்தன. வாங்கிய ரசீதோடு மேசைமேல் வைத்தேன். “கதவுக்கு எதுக்குப் பூட்டுன்னு அப்ப எனக்குத் தெரியும். இப்ப தெரியலை” என்றேன். இதை முன்கூட்டி எழுதிவைத்துக்கொள்ளவில்லை. எய்னோ ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என் படகுக்கு ஒண்ணு வேணும்” என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மற்றொன்றைத் தபால்காரர் வீட்டம்மா எடுத்துக்கொண்டார்.

பிறகு தீர்மானம். என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று என்னையே எழுதச் சொன்னார்கள். எய்னோ சொல்லச் சொல்ல எழுதினேன்: “கோர்ப்பி மனை எல்லைக்கல்லோடு முடியும். கீழேயுள்ள பத்தொன்பது மீட்டர் ஏழு வீட்டுக்கும் பொது. அதில் நிற்கும் சவுனா, அதன் கதவில் பூட்டு இல்லாத காலம்வரை நிற்கலாம்.” ஆறு பேர் கையெழுத்திட்டனர். தங்களுக்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். தாளை இத்துடன் இணைத்துள்ளேன். நீல மையில் இடவும்.

சவுனா நிற்கிறது.

அன்று சனிக்கிழமை. பெண்கள் முடித்து வந்த பின் என்னையும் இழுத்துச் சென்றார்கள். மேல் பலகையில் எய்னோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. யாரும் அங்கே உட்காரவில்லை. நான் கீழே அமரப் போனேன். “அங்க உக்காருங்க. அது தௌனோ இடம். பேசத்தான் கூடாது” என்றார் எய்னோ. அமர்ந்தேன். கல்லில் தண்ணீர் விழுந்து ஆவி எழுந்தது. அதற்குப் பின் நான் யாரையும் பார்க்கவில்லை. எவருடைய மூச்சு எவருடையது என்றும் பிரித்தறிய முடியவில்லை. வெளியே வந்து படியில் நின்றபோது எங்கள் உடம்புகளிலிருந்து வெண்புகை எழுந்து வெளியே இருந்த வெண்மையோடு சேர்ந்தது. எல்லோரும் பனிக்குள் நடந்தார்கள். நானும் நடந்தேன். கல்லைத் தாண்டியது எந்த அடியில் என்று தெரியாது. ஆவணத்தில் பத்தொன்பது மீட்டர் என்று அன்று மதியம்தான் என் கையால் எழுதியிருந்தேன். காலுக்கு அது தெரியவில்லை.

விளம்பரத்தில் நான் கோடிட்ட சொல் இப்போது செல்லாது. அந்த வீடு தண்ணீரைத் தொடாத வீடு. அப்படி ஆக்கியவனும் நானே. கரை எனக்குச் சொந்தமாகாது. சனிக்கிழமைகளில் தனிமையும் கிடைக்காது. இரண்டையும் வேண்டித்தான் சென்ற ஆகஸ்டில் வந்தேன்.

தாங்கள் விற்பதாக இருந்தால் வாங்கிக்கொள்கிறேன்.

ஆர்வி


நகரம், மூன்றாம் மாடி (லிஃப்ட் வேலை செய்கிறது),
ஏப்ரல் 26

ஆர்வி ஐயாவுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீல மை கிடைக்கவில்லை, கறுப்புதான். தாங்கிக்கொள்ளுங்கள்.

கைத்தடியோடு நடக்கிறேன். போன சனிக்கிழமை பேருந்தில் போய்க் குளித்துவிட்டு வந்தேன். தபால்காரர் வீட்டம்மா கையைப் பிடித்துப் படியேற்றினாள். “இனிமே உனக்கு இது வீடு இல்ல, விருந்து” என்றாள். மேல் பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். ஆவியில் யாருக்கும் தெரியாது. எல்லார் முகமும் ஈரமாகத்தான் இருக்கும்.

வீடு உங்களுக்குத்தான். பத்திரப் பதிவுக்கு மே மாதம் ஒரு நாள் குறித்து எழுதுங்கள். அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை. விலை பழையதே. பல் மருத்துவர் ஆள் விட்டு மறுபடி கேட்டார். இதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

வீட்டுச் சாவி எய்னோவிடம் இருக்கிறது. சமையலறை ஜன்னல் இறுக்கமாக இருக்கும், கீழே ஒரு தட்டுத் தட்டினால் திறக்கும். விறகு நீங்கள்தான் பிளக்க வேண்டும், ஏழு வீட்டுக்கும் சேர்த்து. வீட்டில் இருப்பவர் பொறுப்பு அது. சனிக்கிழமை மூன்று மணிக்கே அடுப்பை மூட்டிவிடுங்கள். ஐந்து மணியிலிருந்து ஆறரை வரை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கக் கூடாது. உள்ளே நானும் இருப்பேன்.

வரும்போது துண்டு இரண்டாகக் கொண்டுவாருங்கள். எய்னோ ஒவ்வொரு சனிக்கிழமையும் துண்டை மறந்துவிட்டு வருவான். சண்டைக்குப் பிறகும் அந்த இருபத்தொரு வருடமும், ஒரு வார்த்தை பேசாமல், தௌனோ ஆணியில் அவனுக்கும் ஒன்று மாட்டி வைப்பார்.

ஹில்யா